டிஜிட்டல் ஸ்கேனர் வாங்கினால் நம் பகுதியில் போலீஸ், வனத்துறை வயர்லெஸ்ஸைக் கேட்க முடியுமா?

தேன்கனிக்கோட்டைக்கு அருகில், காட்டை ஒட்டி நிலம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் வேலை பார்க்கும் அவருடைய அண்ணன் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒரு டிஜிட்டல் ஸ்கேனர் வாங்கி வரத் தயாராக இருக்கிறார். அதை வைத்துப் போலீஸ், தீயணைப்பு, 108, வனத்துறை ஆகியோர் வயர்லெஸ்ஸில் பேசுவதை வீட்டிலிருந்தபடியே கேட்க முடியுமா, முடியுமென்றால் எந்த மாடல் வாங்கச் சொல்லலாம் என்பது அவருடைய கேள்வி. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ராகி அறுவடைக்கு வரும் நேரத்தில் யானை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கொஞ்சம் முன்னால் தெரிந்தால் போதும் என்று. அவர் உண்மையில் கேட்க விரும்பியது அந்தக் கடைசி வரியைத்தான் என்று நினைக்கிறேன். எனவே பெட்டி வேலை செய்யுமா, அதை வைத்துக் கொள்ளலாமா, அது இல்லாமல் யானை வருவதை எப்படி அறிவது என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.

நான் கிருஷ்ணகிரியில் இருபத்தைந்து ஆண்டுகளாக வயர்லெஸ் கருவிகளைப் பழுது பார்த்து வருகிறேன். பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேச அரசு தரும் அமெச்சூர் வானொலி உரிமமும் வைத்திருக்கிறேன். கருவிகளைப் பற்றி நான் சொல்வது கையால் தொட்டு அறிந்தது. சட்டத்தைப் பற்றிச் சொல்வது உரிமம் வைத்திருப்பவன் என்ற முறையில் படித்துத் தெரிந்து கொண்டது. வழக்கறிஞரின் கருத்துக்கு அது ஈடாகாது. சுருக்கமான பதில் வேண்டுமென்றால், அந்தப் பெட்டியை வாங்கி வர வேண்டாம் என்று அண்ணனிடம் இன்றே சொல்லி விடுங்கள். காரணங்களைக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

ஸ்கேனர் என்பது அடிப்படையில் ஒரு ரிசீவர்தான். நாம் கொடுத்து வைத்த அலைவரிசைகளை ஒவ்வொன்றாக மிக வேகமாகத் தொட்டுப் பார்த்துக் கொண்டே போகும்; எதில் சிக்னல் இருக்கிறதோ அங்கே நின்று ஒலியைத் தரும்; பேச்சு முடிந்ததும் மறுபடி நகரும். எல்லோரும் அனலாக் எஃப்.எம். முறையில் பேசிய காலத்தில் அலைவரிசை தெரிந்தால் போதும், பேச்சு காதில் விழுந்து விடும். டிஜிட்டலில் அப்படி இல்லை. பேசுபவரின் குரல் முதலில் எண்களாக மாற்றப்பட்டு, வோகோடர் என்ற கணக்கு முறையால் சுருக்கப்பட்டு, சிறு சிறு துண்டுகளாக அனுப்பப்படுகிறது. டி.எம்.ஆர். எனப்படும் முறையில் ஒரே அலைவரிசையை இரண்டு உரையாடல்கள் பங்கு போட்டுக் கொள்கின்றன. ஒன்றுக்கு 30 மில்லி விநாடி, அடுத்ததற்கு 30 மில்லி விநாடி என்று மாறி மாறி வரும். என் பட்டறையில் தனியார் நிறுவனங்களின் டி.எம்.ஆர். செட்டுகளைச் சோதிக்கும்போது, பக்கத்தில் ஒரு பழைய அனலாக் செட்டை அதே சேனலில் திறந்து வைத்தால், ஆக்சிலரேட்டரைத் திருகாமல் நிறுத்தி வைத்த புல்லட் வண்டியைப் போல ‘டுருடுருடுரு’ என்று ஓர் உறுமல் மட்டும் கேட்கும். அதில் ஒரு சொல்லும் பிடிபடாது. அந்த உறுமலுக்குள் இருக்கும் எண்களைப் பிரித்துக் குரலாக மாற்றித் தருவதுதான் டிஜிட்டல் ஸ்கேனரின் கூடுதல் வேலை.

இங்கேதான் முதல் தடை வருகிறது. டிஜிட்டல் வயர்லெஸ் என்பது ஒரே மொழி அல்ல. வட அமெரிக்கக் காவல் துறையும் தீயணைப்புத் துறையும் பெரும்பாலும் பி25 என்ற முறையைப் பயன்படுத்துகின்றன, ஐரோப்பாவில் வளர்ந்தது டெட்ரா, டி.எம்.ஆர். ஆலைகள், சுரங்கங்கள், விடுதிகள் முதல் பல இடங்களில் பரவியிருக்கிறது. அமெரிக்கக் கடையில் கிடைக்கும் யூனிடன் எஸ்.டி.எஸ்.100 போன்ற நல்ல ஸ்கேனர்கள் பி25-ஐ மையமாக வைத்து உருவாக்கப்பட்டவை. அவற்றின் பெரிய வசதியே, அந்த ஊர் அஞ்சல் குறியீட்டு எண்ணைத் தட்டினால் அந்தப் பகுதியின் எல்லா அலைவரிசைகளும் உள்ளே இருக்கும் தரவுத் தொகுப்பிலிருந்து தானாக வந்து நிற்பதுதான். கிருஷ்ணகிரியின் 635001-ஐத் தட்டினால் அதற்கு எதுவும் தெரியாது. அமெரிக்காவில் ட்ரங்கிங் என்றொரு ஏற்பாடும் உண்டு: ஒரு கட்டுப்பாட்டுச் சேனல், ஒவ்வொரு உரையாடலுக்கும் அந்தந்த நொடியில் காலியாக இருக்கும் அலைவரிசையை ஒதுக்கிக் கொடுக்கும். ஸ்கேனர் அந்தக் கட்டுப்பாட்டுச் சேனலைப் படித்துக் கொண்டு பின்னாலேயே ஓடும். அந்த அமைப்பின் விவரங்கள் பொதுவில் வெளியாகியிருந்தால்தான் இது நடக்கும். நம் நாட்டில் பாதுகாப்புத் துறைகளின் அலைவரிசை விவரங்கள் அப்படி மக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதில்லை.

அடுத்தது குறியாக்கம். டிஜிட்டலாக மாறிய பிறகு பேச்சைப் பூட்டி அனுப்புவது எளிதாகி விட்டது, ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறையின் 256 பிட் சாவியால் பூட்டப்பட்ட பேச்சை எத்தனை லட்சம் ரூபாய் ஸ்கேனராலும் திறக்க முடியாது. எந்தக் கடைக்காரர் எதைச் சொன்னாலும் இது உறுதி. டெட்ராவின் பூட்டு உடைந்து விட்டதாக 2023-ல் செய்தி வந்ததே என்று சிலர் கேட்பார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் டெட்ராவில் உள்ள பல பூட்டு வகைகளில் டி.இ.ஏ.1 என்ற ஒன்று வடிவமைப்பிலேயே பலவீனமாக இருந்ததைக் கண்டுபிடித்தது உண்மை. 80 பிட் என்று சொல்லப்பட்ட சாவி உள்ளுக்குள் 32 பிட்டாகக் குறைந்து விடுகிறது என்பதைக் காட்டினார்கள். அது ஆய்வாளர்கள் பாதுகாப்பை மேம்படுத்தச் செய்த வேலை. அதை ஸ்கேனரில் ஒரு பொத்தானாக யாரும் விற்கவில்லை; செய்து பார்ப்பவர் தெளிவான குற்றம் செய்கிறார். அமெரிக்காவிலேயே பல நகரக் காவல் துறைகள் தங்கள் பேச்சைப் பூட்டத் தொடங்கி விட்டன. நியூயார்க் நகரக் காவல் துறை 2023-ல் அந்த மாற்றத்தைத் தொடங்கியது. ஆக, உங்கள் அண்ணன் வாங்கும் பெட்டி அவர் குடியிருக்கும் ஊரிலேயே இன்னும் எத்தனை ஆண்டு பேசும் என்பது சந்தேகம்தான்.

இவற்றையெல்லாம் தாண்டினாலும் நம் நில அமைப்பு விடாது. இந்த வகை வயர்லெஸ்ஸில் பயன்படும் வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். இரண்டு ஆன்டெனாக்களின் உயரங்களை மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12 ஆல் பெருக்கினால் அவற்றுக்கு இடையே எட்டக்கூடிய தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். மொட்டை மாடியில் 9 மீட்டர் உயரத்தில் உங்கள் ஆன்டெனா, எதிரில் 36 மீட்டர் கோபுரம் என்றால் சுமார் 37 கிலோமீட்டர். இது இடையில் மலை இல்லாத சமதரைக்கான கணக்கு. வத்தல்மலை உச்சியில் நின்று கையடக்க அமெச்சூர் செட்டில் ஐந்து வாட்டில் நான் பேசியபோது சேலம் நண்பர் பக்கத்து அறையில் இருப்பதைப் போலக் கேட்டார். அதே செட் தொப்பூர் கணவாயின் வளைவில், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நின்ற வண்டியையே எட்டவில்லை. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிப் பள்ளத்தாக்குக்கு இறங்கும் பாதையில் கைப்பேசி சிக்னல் எப்படி அறுந்து அறுந்து போகிறது என்று உங்களுக்கே தெரியும், வயர்லெஸ்ஸும் அப்படித்தான். வீட்டுக்குள் மேசை மேல் வைத்த ஸ்கேனரின் சிறிய ரப்பர் ஆன்டெனா, மலைக்கு அந்தப் பக்கம் நடக்கும் யானை விரட்டலைக் கேட்டு விடும் என்று எதிர்பார்க்க முடியாது.

108-ஐப் பொறுத்தவரை, நீங்கள் நினைப்பதைப் போல வயர்லெஸ்ஸில் கேட்க அங்கே அதிகம் இல்லை. 2008-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய அந்தச் சேவையில், அழைப்பு மையத்துக்குத் தகவல் போய், அங்கிருந்து வண்டியில் உள்ளவரின் கைப்பேசிக்குப் போகிறது. வண்டி எங்கே இருக்கிறது என்பதை ஜி.பி.எஸ். காட்டுகிறது. ஸ்கேனரில் சிக்க அங்கே பெரிதாக எதுவும் இல்லை.

இனி சட்டம். 1933-ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதையே தடை செய்கிறது. ஒலிபரப்பும் கருவிக்கு மட்டும்தான் உரிமம் வேண்டும், கேட்கும் கருவிக்கு வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள்; அது தவறு. பெறுவதும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. வீட்டு ரேடியோவுக்கே அஞ்சலகத்தில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிய காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பின்னால் இருந்ததும் இந்த எண்ணம்தான். 1980-களின் நடுவில் சாதாரண ஒலிபரப்பு ரேடியோவுக்கும் தொலைக்காட்சிக்கும் அந்த லைசென்ஸ் நீக்கப்பட்டது. அந்த விலக்கு காவல் துறை அலைவரிசையைத் தேடும் ஸ்கேனருக்கு நீளாது. இப்போது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் படிப்படியாகப் பழைய சட்டங்களின் இடத்துக்கு வந்து கொண்டிருக்கிறது. அதன் 42-ஆவது பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது; செய்தியைச் சட்டத்துக்குப் புறம்பாக இடைமறிப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அது.

பூட்டப்படாமல் திறந்த வெளியில் வரும் அனலாக் பேச்சை, யாருக்கும் தொந்தரவு தராமல் வெறுமனே கேட்பது இந்தப் பிரிவு சொல்லும் இடைமறிப்பு ஆகுமா என்பதில் வழக்கறிஞர்கள் இரண்டு பக்கமும் வாதிட முடியும். அதில் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியானவன் அல்ல. ஆனால் அந்த வாதம் தொடங்குவதற்கு முன்பே, கருவி உங்கள் கையில் உரிமமின்றி இருப்பது என்ற கேள்வி எழும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வயர்லெஸ் கருவியை வெளிநாட்டிலிருந்து கொண்டு வருவதற்கும் அனுமதி தேவை என்பதால், பெங்களூரு விமான நிலையத்திலேயே சுங்கத் துறை அண்ணனை நிறுத்திக் கேட்கக்கூடும். இணையக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறதே என்பதும் சமாதானம் ஆகாது. முறையான விவரம் இல்லாமல் வாக்கி டாக்கிகளைப் பட்டியலிட்டு விற்றதற்காக 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பல இணையக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதன் பிறகு இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளும் வந்தன.

உரிமம் பெற்ற எங்களுக்கே இதில் கட்டுப்பாடு உண்டு. தற்செயலாக எங்களுக்கு உரியதல்லாத ஒரு செய்தி காதில் விழுந்து விட்டால், அதில் என்ன இருந்தது, யார் யாருக்குச் சொன்னார் என்பதை மட்டுமல்ல, அப்படி ஒரு செய்தி வந்தது என்பதையே வெளியில் சொல்லக் கூடாது என்று 1978-ஆம் ஆண்டின் அமெச்சூர் சேவை விதிகள் கூறுகின்றன. உரிமத் தேர்வுக்குப் படித்த காலத்தில் இதை வெறும் விதியாக மனப்பாடம் செய்தேன். ஏன் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது பின்னால் ஒரு மாலையில்தான் புரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஓசூர்ப் பக்கம் ஓர் ஏரியில் யானைகள் பகல் முழுவதும் நின்றிருந்தன. பொழுது சாய்ந்ததும் அவற்றைக் காட்டுக்குத் திருப்ப வனத்துறையினர் ஒரு வழியை முடிவு செய்து, வாக்கி டாக்கியில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொண்டிருந்தார்கள். அருகில் நின்ற இளைஞர் ஒருவர் அந்தப் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பி விட்டார். ஊர் மக்களுக்கு உதவும் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அரை மணி நேரத்தில், எந்தப் பாதை காலியாக இருக்க வேண்டுமோ அந்தப் பாதையில் இரு சக்கர வாகனங்களும் செல்போன் விளக்குகளும் நிறைந்து விட்டன. முன்னால் வந்த பெண் யானை வெளிச்சத்தைப் பார்த்து நின்றது, காதை விரித்தது, குட்டியைக் காலுக்கு இடையில் தள்ளிக் கொண்டு திரும்பியது. கூட்டம் முழுவதும் அதன் பின்னால் திரும்பித் தக்காளித் தோட்டங்களுக்குள் புகுந்தது. அன்று யாருக்கும் உயிர்ச் சேதம் இல்லை என்பது அதிர்ஷ்டம். மறுநாள் காலை, ஊன்று குச்சிகளோடு தரையில் மிதிபட்டுக் கிடந்த கொடிகளைப் பார்த்துக் கொண்டு நின்ற குடும்பத்தின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அந்த வயர்லெஸ் பேச்சு அதற்கு உரியவர்களின் காதில் மட்டும் இருந்திருந்தால் அந்தத் தோட்டம் பிழைத்திருக்கும்.

அடுத்தவர் வயர்லெஸ் பேச்சை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மைக்கில் பேசுபவர்கள் தங்களுக்குள் முன்பே தெரிந்த விஷயத்தின் மேல் நின்று பேசுகிறார்கள். ‘பழைய இடம்தான், மேல் பக்கம் விடு’ என்றால் அவர்களுக்கு எந்தப் புளியமரம் என்று தெரியும், உங்களுக்குத் தெரியாது. சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொல்வது கேட்டு, இந்தப் பக்கம் இருப்பவர் கொடுத்த பதில் கேட்காமல் போகலாம். மூன்று நிமிடம் கழித்துத் திட்டம் மாறியிருக்கலாம். பாதிச் செய்தியை நம்பி இரவில் வயலுக்குப் போவது, செய்தியே இல்லாமல் வீட்டில் இருப்பதை விட ஆபத்தானது. விபத்துச் செய்திகளிலும் இப்படித்தான்; தேசிய நெடுஞ்சாலை 44-ல் அடிபட்டுக் கிடப்பவரின் பெயரும் வண்டி எண்ணும் அவர் வீட்டுக்குத் தெரியும் முன்பே ஊருக்குத் தெரிய வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, ஒட்டுக் கேட்கும் வழியை விட்டு, உங்களுக்கென்றே சொல்லப்படும் செய்தியைத் தேடுங்கள். வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதும், யானை அருகில் இருந்தால் கைப்பேசி மூலம் எரிய வைக்கும் சிவப்பு விளக்குகளைக் கம்பத்தில் பொருத்துவதும் நல்ல பலன் தந்திருக்கின்றன. அங்கே யாரும் யாருடைய வயர்லெஸ்ஸையும் கேட்கவில்லை. எந்த இடம், எவ்வளவு நேரத்துக்கு முன் என்பது தோட்டத் தொழிலாளிக்குப் புரியும் வகையில் நேராகச் சொல்லப்படுகிறது. நம் பக்கம் ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வனச்சரகப் பணியாளர்கள் கிராம மக்களுக்கு எச்சரிக்கை சொல்லித்தான் வருகிறார்கள். உங்கள் ஊர் அதில் விடுபட்டிருந்தால், ஊராட்சித் தலைவரோடு நாலைந்து பேர் வனச்சரக அலுவலகத்துக்கு நேரில் போய், எண்களைக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். விளக்குக் கம்பம் வேண்டுமென்று எழுத்து மூலமாகவும் கேளுங்கள். மழை, வெள்ளத்துக்கு மாநில அரசின் டி.என்.அலர்ட் செயலி இருக்கிறது. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையை 1077-ல் அழைக்கலாம். நெடுஞ்சாலை விபத்துக்கு 1033. ஃபெஞ்சல் புயலின்போது 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, வெள்ளத்தில் வாகனங்கள் அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்தோம். அப்படிப்பட்ட இரவில் தேவை, எந்தச் சாலையில் போகக் கூடாது என்று உறுதியாகச் சொல்லும் ஒரு குரல். அரைகுறையாகக் காதில் விழும் பத்துக் குரல்கள் அதற்கு ஈடாகாது.

வயர்லெஸ் மீதே உங்களுக்கு ஆர்வம் இருந்தால், அதற்கு நேரான வாசல் அமெச்சூர் வானொலி. 12 வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதலாம். மின்னணுவியல், ஒலிபரப்பு அடிப்படைகள் ஒரு பகுதி. விதிமுறைகள் ஒரு பகுதி. உரிமத்தின் ரெஸ்ட்ரிக்டட் எனும் தொடக்க நிலைக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிக் குறியீடு) தேவையில்லை. ஜெனரல் எனும் மேல் நிலைக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொற்கள் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்கலாம். உரிமம் வந்த பிறகு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் மற்ற அமெச்சூர் பட்டைகளிலும் கேட்கலாம், பேசலாம், ஆன்டெனா கட்டலாம், தலைக்கு மேல் கடந்து போகும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் 145.800 மெகாஹெர்ட்ஸ் குரலையும் பிடிக்கலாம். 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது, அமெச்சூர் ஒலிபரப்புக்காக ஏற்கெனவே போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர், தொலைபேசிகள் செத்துப் போன அந்தத் தீவிலிருந்து பிழைத்தவர்களின் செய்திகளை நாள்கணக்கில் வெளியே அனுப்பினார்கள். பேரிடரில் பிறருக்கு உதவ வேண்டும் என்ற உங்கள் எண்ணத்துக்கு வயர்லெஸ்ஸில் உரிய இடம் அதுதான்.

கிருஷ்ணகிரி வரும் வேலை இருந்தால் பட்டறைக்கு வாருங்கள். பழைய தேர்வு வினாக்களும், நானே வளைத்த ஒரு யாகி ஆன்டெனாவும் இருக்கின்றன, பார்க்கலாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று: வனச்சரக அலுவலக எண்ணையும் 1077-ஐயும், கரண்ட் போன இருட்டிலும் டார்ச் அடித்தால் தெரியும்படி, மாட்டுக் கொட்டகைச் சுவரில் பெயின்டால் பெரிதாக எழுதி வையுங்கள்.